மோஸல் கரையில் ஒரு வாரம்: கொஹெம் வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காலை பதினொரு மணிக்கு கொஹெம் பாலத்தில் நின்று பார்த்தால் ஊரே கூட்டமாகத்தான் தெரியும். பேருந்துகள் வரிசையாக நிற்கும். நீளமான சுற்றுலாக் கப்பல்கள் கரையோரம் கட்டிக் கிடக்கும். ஒரு வழிகாட்டியின் பின்னால் ஐம்பது பேர் கோட்டைப் பாதையில் ஏறிக்கொண்டிருப்பார்கள். மாலை ஏழு மணிக்கு அதே இடத்துக்கு வந்து பாருங்கள். பேருந்துகள் போயிருக்கும். ஐஸ்கிரீம் கடைக்காரர் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். நாயோடு நடந்து வரும் ஒரு பாட்டி, உங்களை முன்பின் தெரியாவிட்டாலும் "நாபெண்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார். "மாலை வணக்கம்" என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். நீங்களும் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் வாழ்க்கை தொடங்குவது அந்த இடத்தில்தான்.

நாலு மணி நேரம் வந்து போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிடலாம், ஊரைப் பார்க்க முடியாது. அதனால் ஒரு வாரம் தங்க முடிந்தவர்களுக்காக, முடியாவிட்டாலும் குறைந்தது மூன்று இரவாவது தங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொஹெம் ஜெர்மனியின் மேற்கே, ரைன்லாந்து-பாலாட்டினேட் மாநிலத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 5,000 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனாலும் இது ஒரு மாவட்டத் தலைநகர். 1332இல் நகர உரிமை பெற்ற ஊர். மோஸல் ஆறு பிரான்சின் வோஸ்ஜ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையை ஒட்டி வந்து, 544 கிலோமீட்டர் ஓடி, கோப்லென்ஸில் ரைனில் கலக்கிறது. நீங்கள் எந்த விசாவில் வருகிறீர்களோ அந்த விசாவின் பெயரும் இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. மேலே லக்சம்பர்க் பக்கம் ஷெங்கன் என்றொரு சின்ன ஊர். 1985 ஜூன் 14 அன்று அந்த ஊர்க் கரையில், மோஸலில் நின்ற ஒரு கப்பலில் வைத்துத்தான் எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊரை அல்ல, மாதத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரே ஊர் ஆறு மாதத்துக்கு ஆறு மாதம் வேறு ஊராக மாறிவிடும்.

ஈஸ்டர் முடிந்ததும் விடுதிகள் திறக்கத் தொடங்கும். மே நடுவில் "பனிப் புனிதர்கள்" என்று சொல்லப்படும் சில நாட்கள் உண்டு, 11ஆம் தேதியிலிருந்து 15 வரை. அதுவரை இரவில் உறைபனி வரலாம், இளந்தளிர் கருகலாம் என்பது பழைய நம்பிக்கை. திராட்சை வைத்திருக்கும் குடும்பங்கள் அந்த வாரம் முழுக்க வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கும். அது கழிந்த பிறகுதான் பால்கனியில் தக்காளி நாற்று வைப்பார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒயின் திருவிழா. செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. ஊர் மிக அழகாக இருக்கும் காலம் அது. அறை கிடைப்பது மிகக் கடினமான காலமும் அதுதான். நவம்பர் 11 அன்று புனித மார்ட்டின் நாள்: இருட்டியதும் பிள்ளைகள் கையால் செய்த காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் வருவார்கள். அதற்குப் பிறகு, கிறிஸ்துமஸ் சந்தை நாட்களை விட்டால், பாதி ஊர் கதவைச் சாத்திவிடும்.

என்னைக் கேட்டால் மே கடைசி அல்லது அக்டோபர் இரண்டாம் வாரம். முதல் தடவை வருபவர்கள் ஜனவரி, பிப்ரவரியைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளத்தாக்கு குறுகலானது, வெயில் சில மணி நேரம்தான் எட்டிப் பார்க்கும்.

2. வந்து சேர்வது

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் கோப்லென்ஸ், அங்கிருந்து ட்ரியர் போகும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கொஹெம். கோப்லென்ஸ் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும்.

வேகமான ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால் இணைப்பு ரயிலுக்கு அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தாமதம் சகஜம். ஒரு வாரத்துக்கு மேல் ஜெர்மனியில் சுற்றுவதாக இருந்தால் டாய்ச்லாண்ட் டிக்கெட் லாபம். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. எல்லா உள்ளூர்ப் பேருந்துக்கும், வட்டார ரயிலுக்கும் செல்லும், அதிவேக ரயிலுக்குச் செல்லாது. அது மாதச் சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். தங்குமிடம் பதிவு செய்யும்போதே விருந்தினருக்கு இலவசப் பயண அட்டை உண்டா என்றும் கேளுங்கள். இந்தப் பகுதியில் சில விடுதிகள் தருகின்றன.

3. எந்தக் கரை, எந்த மாடி

பழைய ஊரும் ஸ்டேஷனும் ஆற்றின் இடக்கரையில். எதிர்க்கரையில் இருப்பது கொண்ட். பழைய ஊருக்குள் தங்கினால் எல்லாம் நடை தூரம். ஆனால் கோடை இரவில் பேச்சுச் சத்தம் கேட்கும். கொண்ட் பக்கம் தங்கினால் ஜன்னலைத் திறந்ததும் கோட்டையும் ஊரும் எதிரே தெரியும், இரவும் அமைதியாக இருக்கும். நான் கொண்ட் பக்கத்தைத்தான் சொல்வேன். பாலத்தில் நடந்து வரும் அந்தச் சில நிமிடங்களே ஒரு சுகம்.

குடும்பமாக வருபவர்கள் ஹோட்டலை விட "ஃபேரியன்வோனுங்" தேடுங்கள். சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு அது. பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் மேல்மாடியிலோ பக்கத்திலோ இருப்பார்கள். அரிசியும் பருப்பும் பையில் கொண்டு வந்தால் பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஒன்று மட்டும்: தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை உணரும் கருவி எல்லா வீட்டிலும் உண்டு. பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது, படி செங்குத்தாக இருக்கும். முதியவர்களோடு வந்தால் இதை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு படிவம் நீட்டுவார்கள். ஜெர்மன் குடிமக்களுக்கு 2025லிருந்து அது வேண்டாம் என்றாகிவிட்டது. வெளிநாட்டவர் இன்னும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

4. முதல் நாள்: வணக்கம், ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை

நான் முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு. நாளைக் காலையில் கடைக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெளியே வந்தால் சூப்பர்மார்க்கெட் பூட்டு. மருந்துக்கடை பூட்டு. தெருவில் மணியோசை மட்டும். கையில் பால் இல்லை, ரொட்டி இல்லை. வீட்டுக்கார அம்மா தோட்டத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அரை ரொட்டி, வெண்ணெய், நாலு முட்டை கொண்டு வந்து வாசல் படியில் வைத்தார். அன்றைக்கு அவர் சொல்லித் தந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறக்கும். அரசு விடுமுறை நாட்களும் அப்படியே.

பேக்கரிக்கு முதல் நாளே போங்கள். அங்கே பெரும்பாலும் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஓர் இடத்தில் நிற்பார்கள். ஆனால் தனக்கு முன் யார் வந்தார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். உள்ளே நுழைந்ததும் எல்லாருக்குமாகச் சேர்த்து "கூட்டன் மோர்கன்" சொல்லிவிட்டு, யார் கடைசி என்று கவனித்துக்கொள்ளுங்கள். கடைக்காரப் பெண் "வேர் இஸ்ட் டேர் நெக்ஸ்டே?", அதாவது அடுத்தது யார் என்று கேட்டு, முன்னால் நின்றவர் வாங்கி முடித்திருந்தால் உங்கள் முறை. கேட்டது கொடுத்ததும் "சோன்ஸ்ட் நோஹ் வாஸ்?" என்பார், வேறேதாவது வேண்டுமா என்று அர்த்தம். போதும் என்றால் "டாஸ் வார்ஸ்". கிளம்பும்போது "ச்சூஸ்". இந்த மூன்று வாக்கியமும் வந்துவிட்டால், மூன்றாம் நாள் நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் வழக்கமான ரொட்டியை எடுத்துவிடுவார்கள்.

நம் "நீங்கள்", "நீ" போல இங்கேயும் இரண்டு உண்டு: "ஸீ", "டூ". தெரியாதவர், மூத்தவர், கடைக்காரர் எல்லாருக்கும் "ஸீ". "டூ" என்று கூப்பிடலாம் என்பதை மூத்தவர்தான் முதலில் சொல்வார். தமிழ் பேசுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசிப் பழகி வருபவர்களைவிட நாம் இதில் சீக்கிரம் தேறிவிடுவோம்.

சில்லறையும் வைத்திருங்கள். கார்டு இப்போது பல இடங்களில் வாங்குகிறார்கள். ஆனால் சின்ன ஒயின் கடையிலும், கழிப்பறை வாசலில் வைத்திருக்கும் தட்டிலும் காசுதான்.

5. பாட்டில், குப்பை, சத்தம்

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். கடையில் பாட்டில் வாங்கினால் பில்லில் "ஃபாண்ட்" என்று ஒரு தொகை சேர்ந்து வரும். பாட்டிலுக்கான முன்பணம் அது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். காலியானதை நசுக்காமல் சூப்பர்மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஒயின் பாட்டிலுக்குப் பெரும்பாலும் ஃபாண்ட் கிடையாது. அது தெருமுனையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு, வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பிரித்து. ஞாயிறன்றும் இரவிலும் போடக் கூடாது, கண்ணாடி உடையும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

வீட்டுக் குப்பையை காகிதம், பிளாஸ்டிக்-தகரம், சமையல் கழிவு, மற்றவை என்று பிரிப்பார்கள். எந்தத் தொட்டி எதற்கு என்று வீட்டுக்காரரிடம் ஒரு தடவை கூடவே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காமல் கலந்து போடுவதைத்தான் நினைப்பார்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு அமைதி. பால்கனியில் போனில் ஊருக்குப் பேசும்போது இதை ஞாபகம் வையுங்கள். குறுகலான பள்ளத்தாக்கு, ஆற்று நீர், கல் சுவர்: குரல் எதிர்க்கரை வரை போகும்.

6. சாப்பாட்டு மேசை

உணவகச் சமையலறைகள் சீக்கிரம் மூடும். எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. வாரத்தில் ஒரு நாள் கடைக்கு விடுமுறை இருக்கும், வாசலில் "ரூஹெடாக்" என்று எழுதி எந்த நாள் என்று போட்டிருப்பார்கள். மூலையில் ஒரு மேசையில் "ஷ்டாம்டிஷ்" என்ற சின்னப் பலகை இருந்தால் அங்கே உட்காராதீர்கள். அது உள்ளூர்க்காரர்கள் வாராவாரம் கூடும் மேசை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைகோஸ் என்று பெயரில் இருக்கும் பல பதார்த்தங்களில் பன்றி இறைச்சித் துண்டு பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். அதைத் தனியாக இறைச்சி என்றே பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் "ஓனே ஃப்ளைஷ்" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, "ஓனே ஷ்பெக்" (அந்தப் பன்றித் துண்டு இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தின் வீட்டுச் சாப்பாடு, துருவிய உருளைக்கிழங்கை கனமான பாத்திரத்தில் போட்டு அடுப்பில் மொறுமொறுவென வேகவைக்கும் டிப்பகூஹென். வழக்கமாக அதிலும் ஷ்பெக் உண்டு. பாதுகாப்பானது உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும். முதலில் விசித்திரமாக இருக்கும். இரண்டாவது தடவை நீங்களே கேட்பீர்கள்.

ஒயின் குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டாம். "ட்ரௌபென்ஸாஃப்ட்" என்று கேளுங்கள், திராட்சைச் சாறு. பல குடும்பங்கள் தங்கள் தோட்டத்துப் பழத்திலேயே பிழிகின்றன. குடிப்பவர்களுக்கு மூன்று சொல் போதும்: "ட்ரோக்கன்" என்றால் இனிப்பில்லாதது, "ஃபைன்ஹெர்ப்" இலேசான இனிப்பு, "லீப்லிஹ்" நல்ல இனிப்பு. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைதான் மோஸலின் உயிர். ஒயின் தயாரிக்கும் வீட்டில் சுவைத்துப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு வருவது மரியாதை. கோப்பையைத் தூக்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து "ட்ஸும் வோல்" சொல்லுங்கள்.

வாசலில் ஒரு பூங்கொத்தோ விளக்குமாறோ கட்டித் தொங்கவிட்ட வீட்டைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். அது "ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட்". திராட்சை பயிரிடும் குடும்பம் தன் முற்றத்திலோ கொட்டகையிலோ தன் ஒயினை மட்டும் விற்கும் இடம். வருடத்தில் நாலு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது என்று விதி. சாப்பாடு எளியது: ரொட்டி, பாலாடைக்கட்டி, சூப். பாட்டி சமைப்பார், பேரன் பரிமாறுவார். இடம் இல்லை என்றால் இருக்கிறவர்கள் நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கு இடம் விடுவார்கள், பேச்சும் தானாக வரும். ஒரு வாரத்தில் ஒரே ஒரு இரவு வெளியில் சாப்பிடுவதென்றால் அது இங்கேயாக இருக்கட்டும்.

பில் கேட்டால் "ட்ஸுஸாமென் ஓடர் கெட்ரென்ட்?" என்பார்கள். சேர்த்தா, தனித்தனியா? டிப்ஸை மேசையில் விட்டுவிட்டு வருவது இங்கே அவ்வளவாக வழக்கமில்லை. பில் 27.40 யூரோ என்றால், பணம் கொடுக்கும்போதே "ட்ரைஸிஹ்" என்று சொல்லுங்கள், முப்பது. மிச்சம் அவர்களுக்கு. ஐந்திலிருந்து பத்து சதவீதம் போதும்.

7. சரிவில் ஏறுங்கள்

கொஹெம் என்றாலே மலை உச்சியில் இருக்கும் ரைக்ஸ்பர்க் கோட்டைதான் படங்களில் வரும். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்டு பாருங்கள். பழைய கோட்டையை 1689இல் பிரெஞ்சுப் படை வெடி வைத்துத் தகர்த்தது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு இடிபாடாகவே கிடந்ததை 1868இல் பெர்லின் வணிகர் லூயி ரவெனே வாங்கி, தன் காலத்து ரசனைப்படி கட்டி முடித்தது 1877இல். 1978லிருந்து அது ஊருக்கே சொந்தம். இந்தப் பக்கத்தில் ஒருபோதும் இடிபடாத கோட்டை வேண்டுமென்றால் எல்ட்ஸ் போங்கள். 850 ஆண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. யூரோவுக்கு முன் ஜெர்மனியில் புழங்கிய பழைய 500 மார்க் நோட்டில் அச்சாகியிருந்தது அந்தக் கோட்டைதான். மோஸல்கெர்ன் ஸ்டேஷனில் இறங்கி ஓடையோரமாகக் காட்டு வழியில் நடக்கலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

ஆனால் கோட்டையை விட நான் உங்களைக் கூட்டிப் போக நினைப்பது திராட்சைச் சரிவுகளுக்கு. பின்னர்குரொய்ஸ் என்ற குன்றுக்கு நாற்காலி ரோப்கார் போகிறது. ஏறுவதற்கு அதில் போங்கள், இறங்குவதற்கு நடந்து வாருங்கள். காலடியில் சறுக்கும் கருஞ்சாம்பல் தகட்டுக் கல்லை ஒன்று எடுத்துப் பாருங்கள், பிற்பகலில் கை சுடும். அந்தக் கல்தான் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. இவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பதற்கு அந்தக் கல்லும், ஆற்றில் பட்டு வரும் வெளிச்சமும், தெற்கு நோக்கிய சரிவும்தான் காரணம்.

கொடியைக் கவனியுங்கள். பந்தலில் படர விட்டிருக்க மாட்டார்கள். பழைய முறைப்படி ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு. இரண்டு கிளைகளை மட்டும் விட்டு, இரு பக்கமும் வளைத்துக் கீழே இழுத்துக் கட்டியிருப்பார்கள், பார்த்தால் இதய வடிவம். ஒவ்வொன்றையும் கையால்தான் வளைக்க வேண்டும், காய்ந்து போனால் முறியும், அதனால் ஈரமான நாள் பார்த்து வளைப்பார்கள். சரிவில் டிராக்டர் ஏறாது. சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று கொடிகளுக்கு நடுவே மேலே போவதைப் பார்க்கலாம். அதில் பல் சக்கரத்தில் ஏறும் சின்ன வண்டியில்தான் ஆளும் கூடையும் போவது. அறுவடைக்கு போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சமதளத்தை விடப் பல மடங்கு உழைப்பு, பாட்டிலின் விலையோ அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதனால் புதர் மண்டிக் கிடக்கும் கைவிடப்பட்ட சரிவுகளையும் இடையிடையே பார்ப்பீர்கள். எனக்கு அந்த இடங்களைக் கடக்கும்போது மனம் கனக்கும். கடையில் மோஸல் ரீஸ்லிங் ஏன் இரண்டு யூரோ அதிகம் என்று யாராவது கேட்டால் இந்தச் சரிவை ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

துணிச்சலும் நல்ல காலணியும் இருப்பவர்கள் ப்ரெம் ஊருக்குப் போகலாம். அங்கே கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்து. ஐரோப்பாவிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது. இரும்புக் கம்பியும் ஏணியும் பிடித்து நடக்கும் ஒற்றையடிப் பாதை உண்டு. தலை சுற்றுபவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது வேண்டாம்.

இரண்டு விதிகள். பழத்தைப் பறிக்காதீர்கள், ஒன்றே ஒன்றானாலும் அது ஒருவருடைய பயிர். அறுவடை நாட்களில் பாதை மூடல் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் வந்தால் ஃபேடர்வைஸர் குடிக்கலாம். இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் இளம் ஒயின், மோர் போலக் கலங்கலாக இருக்கும், வெங்காய அடையோடு சாப்பிடுவார்கள். பாட்டிலின் மூடி இறுகியிருக்காது, உள்ளே வாயு வந்துகொண்டே இருக்கும். நிமிர்த்தித்தான் எடுத்துப் போக வேண்டும். பையில் படுக்கப் போட்டால் துணியெல்லாம் போச்சு.

8. ஆற்றில் ஒரு நாள்

கொஹெமிலிருந்து பைல்ஷ்டைனுக்குப் படகில் போங்கள், ஒரு மணி நேரத்துப் பயணம். வழியில் ஃபாங்கெல் என்ற இடத்தில் மடைப்பூட்டு வரும். படகு ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நுழையும், பின்னால் கதவு மூடும், தண்ணீர் மெல்ல ஏறும், பக்கச் சுவரின் ஈரப் பாசி ஒவ்வொரு அடியாகக் கண்ணுக்கு முன் மறையும். பிறகு முன்கதவு திறக்கும். கோப்லென்ஸுக்கும் ட்ரியருக்கும் நடுவே இப்படிப் பத்து இருக்கின்றன. 1956இல் பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் ஒப்பந்தம் போட்டு, 1964இல் பெரிய சரக்குக் கப்பல்கள் போகும் வழியாக மோஸலை மாற்றினார்கள். அதற்கு முன் கோடையில் பல இடங்களில் ஆறு ஆழமற்றுக் கிடந்தது. இன்று நீங்கள் பார்க்கும் இந்த அகன்ற, அசையாத நீர் அந்த வேலையின் பலன். நிதானமாகத் தெரிகிறதே என்று நடு ஆற்றில் நீந்தாதீர்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது.

பைல்ஷ்டைன் சின்னஞ்சிறிய ஊர், ஏறக்குறைய 150 பேர்தான். பகலில் கூட்டம் இருக்கும். தேவாலயப் படிகளில் ஏறி, இடிந்த கோட்டையைத் தாண்டி, மேலே இருக்கும் பழைய யூத இடுகாடு வரை நடந்துவிட்டால் கூட்டம் பின்தங்கிவிடும். திரும்பும்போது சைக்கிள் எடுக்கலாம். ஆற்றோரப் பாதை சமமாக இருக்கிறது, பிள்ளைகளும் ஓட்டுவார்கள்.

9. மழை நாளில்

கொண்ட் பக்கம் வீடுகளுக்கு நடுவே ஒரு சுரங்க அறை இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் எதிரிகள் கள்ளநோட்டு அடித்து நாட்டின் பணத்தைக் கவிழ்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், ஜெர்மன் மத்திய வங்கி 15 பில்லியன் மார்க் மதிப்புள்ள மாற்று நோட்டுகளை 1964லிருந்து 1988 வரை இந்த நிலவறையில் பதுக்கி வைத்திருந்தது. மேலே சாதாரண வீடு போலக் கட்டியிருந்ததால் தெருக்காரர்களுக்கே தெரியாது. இப்போது அருங்காட்சியகம். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். அதே கொண்ட் பக்கம் பழைய கடுகு ஆலை ஒன்றும் உண்டு. கடுகைத் தாளிக்க மட்டுமே தெரிந்த நமக்கு, அதைக் கல்லில் அரைத்து ஒயினும் தேனும் கலந்து தருவதை ஒரு தடவை சுவைத்துப் பார்ப்பது புது அனுபவம்.

10. ஆறு ஏறினால்

மோஸல் ஊர்களில் வீட்டு மூலைகளைக் கவனித்தபடி நடங்கள். சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் ஓர் ஆண்டு. சில உங்கள் இடுப்பளவில், சில தலைக்கு மேலே. 1993 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், கொஹெமில் நீர்மட்ட அளவு 10 மீட்டரைத் தாண்டியது. அதைக் கழுவித் துடைத்து முடித்த பதின்மூன்றாவது மாதம், 1995 ஜனவரியில், மறுபடியும் வெள்ளம்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆற்றோர வீட்டின் கீழ்த்தளத்தில் ஏன் மரத்தரை இல்லாமல் ஓடு பதித்திருக்கிறது, மின் செருகிகள் ஏன் உயரத்தில் இருக்கின்றன, ஏன் நல்ல மரச்சாமான் எல்லாம் மாடியில் என்பதெல்லாம் இது தெரிந்தால்தான் புரியும். குளிர்காலத்தில் மலைப்பனி உருகி, கூடவே மழையும் பெய்தால் ஊர்க்காரர்கள் கைபேசியில் நீர்மட்டத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். மேலே ட்ரியரில் இன்று என்ன அளவோ அதை வைத்து இங்கே எப்போது வரும் என்று கணக்குப் போடுவார்கள். நிலவறையைக் காலி செய்வது, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி மிதந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, காரை மேட்டுத் தெருவுக்கு ஏற்றுவது எல்லாம் ஒழுங்காக நடக்கும். தன்னார்வத் தீயணைப்புப் படையினர், அதாவது பகலில் தச்சராகவும் ஆசிரியராகவும் இருப்பவர்கள், நடைப்பலகை போடுவார்கள்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, பார்க்காதவர்களுக்கு நம்ப முடியாது. தண்ணீர் வடியும்போதே, அது முட்டியளவு இருக்கும்போதே, விளக்குமாறும் குழாயும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆறு விட்டுப் போகும் சேற்றை ஆற்றுத் தண்ணீரோடு சேர்த்தே வெளியே தள்ள வேண்டும். நீர் வடிந்து சேறு காய்ந்துவிட்டால் அது சிமெண்டு மாதிரி இறுகிவிடும். இரவு இரண்டு மணிக்கு நீர் வடிந்தால் இரண்டு மணிக்கு வேலை.

குளிர்காலத்தில் வருபவர்கள் செய்ய வேண்டியது எளிது. ஆற்றங்கரை வாகன நிறுத்தத்தில் காரை விட்டால் தினமும் ஒரு தடவை பாருங்கள். வீட்டுக்காரர் நகர்த்துங்கள் என்றால் அந்த நிமிடமே நகர்த்துங்கள். படம் எடுக்கத் தடுப்பைத் தாண்டாதீர்கள். 2021 ஜூலையில், இங்கிருந்து வடக்கே அதிகத் தூரமில்லாத ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரே இரவு வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோஸல் மெதுவாக ஏறும் பெரிய ஆறு, ஆர் போலச் சட்டென்று பாயும் சிற்றாறு அல்ல. ஆனாலும் தண்ணீரைப் பற்றி இங்கே யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

11. உடம்புக்கு முடியாவிட்டால்

உயிர் ஆபத்து, தீ: 112. போலீஸ்: 110. இரவிலோ வார இறுதியிலோ சாதாரணக் காய்ச்சல், வலி என்றால் 116117. மருந்துக்கடைகள் முறை வைத்து இரவில் திறந்திருக்கும், எது என்று மூடியிருக்கும் கடையின் கதவிலேயே எழுதியிருப்பார்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை ஊரிலிருந்தே போதுமான அளவு கொண்டு வாருங்கள், மருத்துவர் சீட்டு இல்லாமல் பலதும் கிடைக்காது. பயணக் காப்பீட்டுத் தாளின் ஒரு நகலைக் கைப்பையில் வையுங்கள்.

12. கிளம்பும் நாள்

முந்தின நாளே கண்ணாடி பாட்டில்களைத் தொட்டியில் போட்டுவிடுங்கள், மறுநாள் ஞாயிறாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். படுக்கை விரிப்பை உருவிக் கதவருகே வைத்தால் வீட்டுக்காரருக்கு உதவி. பேக்கரியிலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

முடிந்தால் ட்ரியர் வழியாகத் திரும்புங்கள். கொஹெமை விட்டதும் ரயில் கைசர் வில்ஹெல்ம் சுரங்கத்துக்குள் நுழையும். 4,205 மீட்டர் நீளம், 1879இல் திறந்தது, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஜெர்மனியின் மிக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து சுற்றி வரும் தூரத்தை ரயில் மலைக்குள்ளே சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்த இருட்டில் போனை எடுக்காமல் வலப்பக்க ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருங்கள். சுரங்கம் முடிந்து எல்லெர் என்ற ஊர் வந்ததுமே ரயில் பாலத்தில் ஏறும். கீழே மறுபடியும் மோஸல், எதிரே சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் கால்மோன்ட் சரிவு. அதில் எறும்பு அளவுக்கு யாரோ ஒருவர் கொடி கட்டிக்கொண்டிருப்பது தெரியும்.